பக்கத்து டார்கெட்டில் ஐந்துக்கு ஐந்து

எந்தப் பந்தயமாக இருந்தாலும் கடைசியாக வருவதற்கென்று ஒருவன் தேவை. அந்தப் பொறுப்பை ஒருமுறை இந்தியாவின் சார்பில் நான் ஏற்றுக்கொண்டேன். அதுவும் பனியில்.

ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரனான எனக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் வைக்கோல் போர்மேல் ஈரமாக இருக்குமே, அதுதான். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே மலைக்கு அனுப்பிய பிறகுதான் அது முழங்கால்வரை குவியும் என்று தெரிந்தது. அங்கே எங்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்த உஸ்தாத் (பட்டாளத்தில் வாத்தியாரை இப்படித்தான் கூப்பிட வேண்டும்) முதல் வாரத்திலேயே என்னிடம் இரண்டு திறமைகளைக் கண்டுபிடித்தார். ஒன்று, நான் நன்றாகச் சுடுவேன். இரண்டாவது, எத்தனை முறை விழுந்தாலும் எனக்கு எலும்பு உடையாது. இரண்டாவதைத்தான் அவர் அதிகம் மதித்தார் என்று நினைக்கிறேன்.

இப்படியாக நான் பயத்லான் வீரன் ஆனேன். காலில் நீளமான சறுக்குக் கட்டைகள், கையில் இரண்டு கழிகள், முதுகில் துப்பாக்கி. மூச்சிரைக்க ஒரு சுற்று ஓட வேண்டும். வந்து படுத்து ஐந்து குண்டு சுட வேண்டும். மறுபடி ஒரு சுற்று. இப்போது நின்றுகொண்டு ஐந்து குண்டு. பிறகு கடைசிச் சுற்று. ஸ்பிரிண்ட் என்று பெயர், மொத்தம் பத்துக் கிலோமீட்டர். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்திலுள்ள சின்ன வட்டத்தை ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். அது தண்டனை.

ஒரு சர்வதேசக் குளிர்காலப் போட்டியில் ஆண்கள் ஸ்பிரிண்டுக்கு என்னையும் லடாக்கைச் சேர்ந்த ஒரு நண்பனையும் தேர்வு செய்தபோது, முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். விவரத்தைப் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிடா. சுட்டுப்புட்டு ஏன்டா ஓடுற? போலீஸ் வெரட்டுதா?"

"போட்டியே அப்படித்தான்க்கா."

"சரி, போயிட்டு வா. கால்ல சூடா எதையாச்சும் போட்டுக்க. ஒனக்குச் சளி பிடிச்சா லேசுல போகாது."

நண்பன் பிறந்ததே பனியில். உண்மையான போட்டியாளன் அவன்தான். நான் துணைக்குப் போனவன். ஆனால் பந்தயத்துக்கு முதல் நாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருத்துவர் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காலையில் உஸ்தாத் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன்கூட முடிக்கலேன்னா அடுத்த தடவ நம்மள அனுப்பவே யோசிப்பாங்க," என்று இந்தியில் சொன்னார். "நீ ஜெயிக்க வேண்டாம். முடி. அது போதும்."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பன் போர்வைக்குள்ளிருந்து தன்னுடைய சறுக்குக் கட்டைகளைக் காட்டினான். அன்றைய பனிக்கு ஏற்றபடி மெழுகு பூசி, ராத்திரியே தேய்த்து வைத்திருந்தான். "இத போட்டுக்க. நீ முடிச்சா நான் முடிச்ச மாதிரி," என்றான். நான் கட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பந்தயம் தொடங்கும் நேரம் எங்கள் ஊரில் சாயங்காலம். மச்சான், அதாவது அக்காவின் கணவர், போனை டிவியில் இணைத்து நேரலையைப் போட்டுவிட்டாராம். தெருவே வீட்டுக்குள் இருந்தது. மச்சான் ஒரு சரவெடி வேறு வாங்கி வைத்திருந்தார்.

ஒவ்வொருவராக அனுப்பினார்கள். என் முறை வந்தது. மணி அடித்ததும் கழியை ஊன்றி வேகமாகப் பாய்ந்தேன். ஊன்றிய இடம் என் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே. சர்வதேச அரங்கில் என் முதல் செயல் குப்புற விழுந்ததுதான். வர்ணனையாளர் என் பெயரைச் சொல்ல வாய் எடுத்த நேரத்தில் நான் திரையிலேயே இல்லை. கருப்பையா என்ற பெயர் அவர் வாயில் "காரு பாயா" என்று வந்ததாக அக்கா பிறகு சொன்னாள். "யாருக்கு பாயாங்கிறான் இவன்?" என்று மச்சான் கேட்டிருக்கிறார்.

முதல் சுற்றிலேயே பின்னால் புறப்பட்டவர்கள் என்னைப் பிடித்துவிட்டார்கள். பின்னாலிருந்து வழி கேட்டுச் சத்தம் கொடுப்பார்கள். நான் ஒதுங்கி நின்று, "வாங்க, வாங்க" என்று வழிவிட்டேன். (பழக்கம். எங்கள் பக்கம் விரோதியையும் அப்படித்தான் அழைப்போம்.)

படுத்துச் சுடும்போது டார்கெட் எலுமிச்சம்பழ அளவு, ஐம்பது மீட்டருக்கு அப்பால். என் நெஞ்சு தவில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பட்டது, மூன்று தவறியது. தண்டனை வட்டத்தை மூன்று முறை சுற்றினேன். அங்கே என்னைத் தவிர யாரும் நெடுநேரம் தங்கவில்லை.

இரண்டாவது சுற்று முடிந்து நின்று சுட வந்தபோது லேசாகப் பனி தூற ஆரம்பித்திருந்தது. இப்போது டார்கெட் தேங்காய் மூடி அளவு. பெரியதுதான். ஆனால் நிற்கிற கால் நடுங்கும், காற்று துப்பாக்கியைத் தள்ளும். நல்ல நல்ல வீரர்களே அந்த இடத்தில் இரண்டு மூன்று தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சை இறக்கினேன். எங்கிருந்தோ ஓர் அமைதி வந்தது. முதல் குண்டு. கறுப்பு வட்டம் வெள்ளையானது. இரண்டாவது, வெள்ளை. மூன்று, நான்கு. ஐந்தாவதற்கு விரலை அழுத்தும்போதே தெரிந்துவிட்டது. அதுவும் வெள்ளை.

என் வாழ்நாளில் அதற்குமுன் அப்படிச் சுட்டதில்லை. கையை உயர்த்தினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. கேமராக்காரருக்கு நான் விழும் அழகு பிடித்துப்போயிருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து என்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். ஊரில் மச்சான் சரவெடியைக் கொளுத்திவிட்டார்.

துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு கம்பீரமாகத் திரும்பினேன். ஓர் அதிகாரி என் முன்னால் வந்து நின்றார். நான் நின்று சுட்ட விரிப்பின் எண்ணைக் காட்டினார். பிறகு டார்கெட்டின் எண்ணைக் காட்டினார். இரண்டும் ஒன்றாக இல்லை. என்னுடைய டார்கெட்டில் ஐந்து வட்டங்களும் கறுப்பாக, யாரும் தொடாத புதுசாக இருந்தன. ஐந்துக்கு ஐந்தும் பக்கத்து ஆளின் டார்கெட்டில்.

அந்தப் பக்கத்து ஆள் அப்போதுதான் வந்து நின்றார். பனை உயரம், பொன்னிறத் தாடி. அதில் எல்லாம் பனி ஒட்டியிருந்தது. துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்தார். சுடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

(அவருடைய டார்கெட்டை மறுபடி சரிசெய்து கொடுத்தார்கள், வீணான நேரத்தையும் நடுவர்கள் அவருக்குக் கழித்துவிட்டார்கள். இல்லையென்றால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.)

எனக்கு ஐந்து தவறு. ஐந்து தண்டனைச் சுற்று. ஆவுடையார்கோவில் பிராகாரத்தை நேர்த்திக்கடனுக்குச் சுற்றுகிறவன் போலச் சுற்ற ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றிலிருந்து கூட்டம் எனக்காகச் சேர்ந்து எண்ணியது. அவர்கள் மொழி புரியவில்லை, எண்ணுவது மட்டும் புரிந்தது. பனித்தாடிக்காரரும் ஒரு குண்டைத் தவறவிட்டு வட்டத்துக்குள் வந்தார். என்னைத் தாண்டும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கடைசிச் சுற்றில் நான் தனியாள். ஏற்றத்தில் தொடை கல்லாகிவிட்டது. இரண்டு முறை வழுக்கிக் கீழே வந்தேன். மற்ற எல்லோரும் முடித்துவிட்டிருந்தார்கள்; ஓரத்தில் நட்டிருந்த கொடிகளை ஒருவர் பிடுங்கிக்கொண்டே என் பின்னால் வந்தார். அவருக்கும் பின்னால் ஒரு பனி ஸ்கூட்டர். அதை ஓட்டியவர் பின் இருக்கையைத் தட்டிக்காட்டினார். ஏறிக்கொள்கிறாயா என்று அர்த்தம். அந்த இருக்கையில் கம்பளி வேறு விரித்திருந்தது. அவ்வளவு அழகான இருக்கையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஏறியிருப்பேன். காலில் இருந்தது என்னுடைய கட்டையாக இருந்திருந்தால் கட்டாயம் ஏறியிருப்பேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் கால் வைத்து மேலே ஏறினேன். உஸ்தாத் எங்கிருந்தோ வந்து, பனியில் இடுப்பளவு புதைந்து புதைந்து கூடவே ஓடினார். சாதாரணமாகத் திட்டுகிற வாய் அன்று "ஷாபாஷ், ஷாபாஷ்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லைக்கோட்டருகே யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழெட்டு வீரர்கள் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பனித்தாடிக்காரர். கோட்டைத் தாண்டியதும் நான் விழுந்தேன். அவர் தூக்கி நிறுத்தினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையது மாதிரிதான், அதனால் நன்றாகப் புரிந்தது.

"நல்லாச் சுட்டே. என்னைவிட நல்லாச் சுட்டே. அடுத்த தடவை சொல்லிட்டுச் சுடு, நான் மெதுவா வாரேன்."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. முடிவுப் பட்டியலில் கடைசி வரியில் என் பெயர், பக்கத்தில் நாட்டின் பெயர். உஸ்தாத் அதைப் போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினார். காய்ச்சலோடு அவன் கட்டிலில் எழுந்து நின்று ஆடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பாவுக்குப் போன் செய்யத்தான் தயக்கமாக இருந்தது. பட்டாசெல்லாம் வெடித்து ஊரையே கூட்டியபிறகு அவமானமாகிவிட்டதே என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"எதுக்குடா மொனங்குற? அஞ்சும் பட்டுச்சுல்ல?"

"அது பக்கத்து ஆளுதுப்பா."

"இருக்கட்டும். அம்புட்டு நெருக்கமா வச்சது அவங்க தப்பு. அங்கிட்டும் இங்கிட்டும் எடம் விட்டுல்ல வைக்கணும்."

பிறகு, "கடைசி ஏத்தத்துல நீ அந்த வண்டியில ஏறாம வந்தத டிவியில காட்டுனான்டா. எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம்," என்றார். உடனே போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

விடுமுறையில் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாப்பில் எட்டடிக்கு ஃபிளெக்ஸ். "கடைசி வரை ஓடிய காளையே, வருக" என்று போட்டிருந்தார்கள். பாராட்டுத்தானா என்று மச்சானிடம் கேட்டேன். வாசகம் தன்னுடையதுதான் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தியதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த விடுமுறையிலேயே மணமேல்குடியில் பெண் பார்க்கப் போனோம். காபி வந்தது, கேசரி வந்தது, பெண் வந்தாள். பெரியவர்கள், இரண்டு பேரும் ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் இன்னொரு வாய் கேசரி எடுத்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க வீட்டு நம்பரப் பாத்துட்டுத்தான வந்தீங்க? பக்கத்து வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கு."

முதலில் சிரித்தது அப்பாதான். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். இன்றைக்கும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், சமையலறையிலிருந்து குரல் வரும்: "திரும்பி வாரப்ப வீட்டு நம்பரப் பாத்து வாங்க."