பட்டினப்பாக்கத்தில் நெருப்புக்கோழி டாக்டர்

அடையாறு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பொமரேனியன் நாயின் பேதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பேச்சை ஆரம்பிக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளினிக்கும் மேல்மாடியில் வீடும் வைத்திருந்தார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘நெருப்புக்கோழி டாக்டர்’ என்றால் ஆட்டோ நேராக வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும்.

ஒரு நவராத்திரியில் எதிர்வீட்டு அம்மாள் தன் லாப்ரடாரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“டாக்டர், கொலுப்படியிலேர்ந்து மண் கத்தரிக்காயை முழுங்கிட்டான்!”

டாக்டரின் முகம் மலர்ந்தது. “பேஷ்! நெருப்புக்கோழிக்குப் பல்லே கிடையாது, தெரியுமோ? கூழாங்கல்லாப் பொறுக்கி முழுங்கும். வயித்துக்குள்ள அதுதான் அம்மி. தின்ன புல்லையெல்லாம் அரைச்சுத் தள்ளிடும்.”

“இவன் நாய், டாக்டர்.”

“அதான் அவனுக்குக் கஷ்டம்” என்று லாப்ரடாரை இரக்கத்தோடு பார்த்தார்.

வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. மறுநாளே கத்தரிக்காய் காம்போடு வெளியே வந்துவிட்டது.

தி.நகரில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போனது நான்தான். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. “என் பிள்ளை ஒரு வேளைப் பட்டினி தாங்க மாட்டான்” என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னதுதான் தாமதம், டாக்டர் சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்தார்.

“நெருப்புக்கோழிக்குத் தம்பி மாதிரி ஈமுன்னு ஒரு பட்சி, அதைப் பாருங்கோ! பொம்மனாட்டி முட்டையைப் போட்டுட்டு வேற புருஷனைத் தேடிண்டு போயிடுவா. ஆம்பிளைதான் வாரக்கணக்கா அன்ன ஆகாரம் இல்லாம அடைகாப்பான். அவனன்னா புருஷன்!”

சம்பந்தியம்மாள் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்குப் பிறகு டாக்டர் லிஃப்டுக்குள் இருந்தால் நான் மாடிப்படி ஏறினேன். கட்டடத்தில் பலருக்கும் அப்படித்தான் மூட்டுவலி வந்தது.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டினப்பாக்கத்தில் நான் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வழக்கமாக மீன் தரும் ஸ்டெல்லாக்கா கத்தியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“நைனா, இன்னா இது? ஒட்டகத்துக்கும் கோழிக்கும் பொறந்த மாதிரி கீது!”

திரும்பினேன். ஆளுயரத்துக்கு ஒரு பறவை. பெரிய துடைப்பத்துக்குக் கழுத்து முளைத்த மாதிரி. நொண்டி நொண்டி ஓடிவந்து, கூடைகளைக் கவிழ்த்துவிட்டு மணலில் இறங்கியது. ஏதோ விளம்பரப் படப்பிடிப்புக்காகப் பண்ணையிலிருந்து கொண்டுவந்ததாம். கூட்டி வந்த ஆட்கள் அதைவிட அதிகமாகப் பயந்துபோய்த் தூரத்தில் நின்றார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் படகுத் துடுப்பை ஓங்கினார்.

“கால்ல ஒண்ணு போட்டா உக்காந்துக்கும்!”

பாவமாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். பாதி சொல்வதற்குள் கத்தினார்.

“எத்தனை விரல்?”

“என்னது?”

“கால்ல ஓய்! நெருப்புக்கோழின்னா ரெண்டு விரல்.”

“மூணு இருக்கு டாக்டர்.”

“ஈமு! யாரும் அடிக்கப்படாதுன்னு சொல்லும்!”

வேட்டி பனியனோடு, தோளில் மருந்துப் பையோடு, ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மீன் வாடை பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், மீன் கூடைகளைத் தாண்டிக் குதித்தார்.

“எல்லாரும் தள்ளிப் போங்கோ! அதுக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்கோ. முன்பக்கமாத்தான் உதைக்கும், வயிறு கிழிஞ்சுடும்.”

துடுப்புக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் அடுத்துச் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, மணலில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் ஆகாயத்தில் தூக்கிச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார்.

“ஐயோ, ஐயருக்கு வலிப்பு வந்துட்ச்சு! இரும்பு குடுங்கடா!”

ஒருவர் ஓடிவந்து பைக் சாவியை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் நங்கூரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார்.

“வலிப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை!” டாக்டர் மிதிப்பதை நிறுத்தாமல் அலறினார். “இது வேடிக்கை பார்க்கற ஜாதி. புதுசா எதையாவது கண்டா, கிட்ட வந்து பார்க்காம இருக்காது!”

ஈமு நின்றது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. எங்களைப் போலவே அதற்கும் நம்ப முடியவில்லை போலிருக்கிறது. மெல்ல மெல்ல வந்து, ஆகாயத்தில் சுழன்ற கட்டைவிரலை ஒரு கொத்து கொத்தியது.

“பின்னாலேர்ந்து கட்டிக்கோம்மா!”

ஸ்டெல்லாக்கா புடவையைச் செருகிக்கொண்டு பாய்ந்து, பின்னாலிருந்து பறவையை அப்படியே இறுக்கிப் பிடித்தார். “புட்ச்சுக்கினேன் ஐயரே! சீக்கிரம் ஆவட்டும், துள்ளிக்கினே கீது!”

டாக்டர் பக்கவாட்டில் தவழ்ந்து போனார். காலில் நைலான் வலை சுற்றிச் சதையை அறுத்திருந்தது. கத்தரியை எடுத்தார்.

“இன்னா ஐயரே, முட்டி பின்னால மடங்குது? ஒட்ஞ்சிட்ச்சா?”

“அது முட்டி இல்லைம்மா, கணுக்கால். முட்டி மேல இறகுக்குள்ள இருக்கு.” கை வலையை அறுத்தது, வாய் பாடம் நடத்தியது. அந்த நேரம் பறவை தொண்டைக்குள் உறுமியது. “ஆஹா, ஆம்பிளை! பொம்மனாட்டியா இருந்தா தொண்டையில மத்தளம் வாசிப்பா.”

“எங்க வூட்லயும் அப்டித்தான்” என்றார் ஸ்டெல்லாக்கா.

மருந்து போட்டுக் கட்டு கட்டியதும் பண்ணை வேன் வந்தது. பறவையை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் மீன் விலைக்குத் திரும்பியது. டாக்டர் மட்டும் மணலில் உட்கார்ந்து உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குத்தான் ஓய், முதல் தடவையாத் தொட்டேன்.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

“படிக்கறச்சே மியூசியத்துல ஒரு நெருப்புக்கோழி எலும்புக்கூடு பார்த்தேன். பறக்கற பட்சிக்கு நெஞ்செலும்பு நடுவுல ஒரு மேடு இருக்கும், படகோட அடிக்கட்டை மாதிரி. இறக்கைத் தசையெல்லாம் அதைத்தான் பிடிச்சுண்டு இருக்கும். இதுக்கோ கட்டுமரம் மாதிரி தட்டையா இருந்தது. இதோட கொள்ளுத்தாத்தால்லாம் பறந்தவாதான். எப்பவோ ஒரு நாள் ஆகாசம் வேண்டாம், தரையே போறும்னு ஓட ஆரம்பிச்சுடுத்துகள். எனக்குப் பைத்தியமே பிடிச்சுடுத்து. ஆனா நம்ம பேட்டையில எல்லாரும் நாய்தானே வளக்கறா?” உள்ளங்கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “அதோட உடம்பு எவ்வளவு கதகதப்பா இருந்தது தெரியுமோ.”

என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. ஆளில்லாத லிஃப்டிலேயே பேசக்கூடிய மனிதர் இப்படி வாய்மூடி வண்டி ஓட்டியது எனக்கு என்னவோ போலிருந்தது. மந்தைவெளி சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது.

“டாக்டர்” என்றேன். “இந்தக் கிவின்னு ஒரு பறவை இருக்காமே. அதோட முட்டை மட்டும் ஏன் அவ்வளவு பெரிசு?”

டாக்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஊரே ஹாரன் அடித்தது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.