ஏழு மணிக்குப் பிறந்த அமோ

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், டூங்கபி வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று நான்கு பேர். ஜன்னலோரக் கதிரையில் இந்திரகுமார். அவர் முன்னால் பிறப்புப் பதிவுப் படிவமும் முத்திரை ஒட்டிய உறையும். எதிரில் மனைவி கஜந்தி; மடியில் இன்னும் பெயரில்லாத மகன். குசினி வாசலோரம் இந்திரகுமாரின் அக்கா யோகராணி. மேசைத் தலைப்பில் பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர் தாவித்தா. பிள்ளைப்பேற்றுக்குப் போனது அவருடைய வான் வண்டியில் என்பதால் அந்த இடம் அவருக்கு.

பதிவுப் படிவம் அன்றே தபாலில் போயாக வேண்டும்.

கஜந்தி ஆசைப்பட்டது 'லோஜன்' என்ற பெயருக்கு. சண்டையில் இல்லாமல் போன அவளுடைய தம்பியின் பெயர் அது. ஆனால் ஊரிலிருக்கும் கொக்குவில் சாத்திரியார் பிள்ளையின் நட்சத்திரத்தைப் பார்த்து 'அ' எழுத்துத்தான் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு அஞ்சு மணித்தியாலம் முந்திப் பிறந்திருந்தால் 'லோ' வந்திருக்குமாம்," என்றார் யோகராணி. "இந்தச் சின்னவர் அவசரமில்லாமல் ஆறுதலாய் வந்திட்டார்."

கஜந்தி பிள்ளையின் பூட்டியிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றித் திரும்பவும் பூட்டினாள். எழுத்து எப்படி வருகிறது என்று தாவித்தா கேட்டார். பிறந்த நேரத்தை வைத்துத்தான், காலை ஏழு மணி என்று பிசகாமல் போனில் சொன்னேன் என்று இந்திரகுமார் ஆங்கிலத்தில் விளக்கினார்.

'அ'வில் கிடைத்த பெயர் அமோகன். பள்ளிக்கூடத்தில் எப்படியும் 'அமோ' என்று வெட்டிவிடுவார்கள். எதையும் விசாரிக்காமல் செய்து பழக்கமில்லாத இந்திரகுமார், சமோவா பாஷையில் அமோ என்றால் ஏதாவது உண்டா என்று தாவித்தாவிடம் கேட்டார்.

உண்டு. தோளில் காவுவது, சுமந்து போவது.

யோகராணிக்குப் பிடித்துவிட்டது. கடைசிக் காலத்தில் தன்னையும் காவுவான் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இந்திரகுமார், பாண் பேக்கரியில் கூட வேலை செய்யும் மாவோரிக்காரருக்குப் போன் எடுத்தார். அங்கேயும் காவுவதுதான். ஆனால் செத்தவரைக் கிடத்திக் காவுவதற்கும் அதே சொல்லாம்.

"பாடையோ?" யோகராணி எழும்பி நின்றார்.

பாடையைச் சமன்செய்ய நல்ல அர்த்தம் ஒன்று வேண்டியிருந்தது. இந்திரகுமார் பேக்கரியின் இத்தாலிக்கார சூப்பர்வைசரைப் போனில் பிடித்தார். அவருடைய பாஷையில் 'நான் நேசிக்கிறேன்'. வீடு கொஞ்சம் அமைதியானது. யோகராணி மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதுதான் தாவித்தா, உதவி செய்யும் எண்ணத்தில், இந்த நாட்டு ஆங்கிலப் பேச்சில் அமோ என்றால் துவக்குக்குப் போடுகிற தோட்டா என்பதை நினைவூட்டினார்.

"ஷெல்லுக்குத் தப்பிப் படகேறி வந்தது," என்றாள் கஜந்தி, "பிள்ளையைத் தோட்டா எண்டு கூப்பிடவோ?"

அரவிந்தன் என்று வைக்கலாம் என்றார் இந்திரகுமார். சொல்லிக்கொண்டே கை போனுக்குப் போனது. கஜந்தி போனைப் பறித்துப் பிள்ளையின் போர்வைக்குள் வைத்தாள்.

"நீங்கள் கேட்டது காணும், விடுங்கோ. அமோகன் எண்டே எழுதுங்கோ. எனக்கு இனி எந்தப் பேரும் ஒண்டுதான்."

அவர் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதினார். திரும்ப வாசித்தார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரங்களை நகத்தால் தேய்த்தார். தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் தாவித்தாவும் கூட நடந்தார்.

கடிதம் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. இந்திரகுமார் பெருமூச்சு விட்டார்.

தாவித்தா மணிக்கூட்டைப் பார்த்தார். சமோவாவில் அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டுமாம். போன வருசக் கடைசியில் அங்கே நாட்காட்டியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாய்த் தூக்கியதிலிருந்து எது அங்கத்தைய நேரம், எது இங்கத்தைய நேரம் என்று தனக்குக் குழப்பம் என்றார். கொக்குவிலும் இங்கைக்கு ஒரு ஐந்து மணித்தியாலம் பிந்தித்தானே என்றும் கேட்டார். இரண்டு அடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"குமார், சாத்திரியாருக்கு ஏழு மணி என்று சொன்னாயே, அது எந்த ஊர் ஏழு மணி?"