கல்லு நானாவும் என் அகராதியும்

காரின் பின்சக்கரத்துக்குத் தமிழ் அகராதியை முட்டுக் கொடுத்த ஆசிரியர் இந்த மலையகத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கதையில் நான் முழு உடம்போடு மிஞ்சியதற்குக் காரணம் கல்லு நானா; முஸ்லிம் அண்ணன்மார் எங்கள் ஊரில் எல்லாருக்கும் நானாதான்.

சாமான் விற்பதற்குக் கடை திறந்தவர்கள் உலகத்தில் ஏராளம். விற்காமல் இருப்பதற்குக் கடை திறந்தவர் அவர் ஒருவர்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே அவருடைய வாகன உதிரிப்பாகக் கடை. மெக்கானிக் வந்தால் பேச்சே இல்லை, கேட்டதை எடுத்து நீட்டுவார். "நானே மாட்டிக்கிறேன் நானா" என்று எவனாவது சொல்லிவிட்டால் விசாரணை ஆரம்பம்.

"வண்டி எங்க நிக்குது?"

"வீட்டுக்கு முன்னால."

"ஏத்தமா, எறக்கமா?"

"எங்க வீட்டுப் பக்கம் எல்லாமே எறக்கந்தான் நானா."

"அப்ப சக்கரத்துக்கு வைக்கிற கல்லக் கொண்டாந்து காட்டு. பொறகு பிரேக் தர்றேன்."

கொண்டுவந்து காட்டவும் வேண்டும். மரக்கறிப் பையில் கல்லைச் சுமந்து வந்து வரிசையில் நின்றவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நானா அதை ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார், உருட்டிப் பார்ப்பார். பூண்டுலோயாவிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லோடு வந்த ஒருவரை, "இது உருண்ட. காரோட சேர்ந்து இதுவும் ஓடும்" என்று திருப்பி அனுப்பினார். வலப்பனைக்காரர் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகப் போனில் படம் காட்டினார். "போட்டோவுல எல்லாக் கல்லும் பெருசுதான். பக்கத்துல உங்க கால வச்சு எடுங்க" என்றார் நானா.

என் முறை வந்தது. முன்சக்கரத்துக்கு பிரேக் பேட் வேண்டும். இருபதே நிமிடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே மாட்டிக் காட்டும் வீடியோவை மூன்று தடவை பார்த்திருந்தேன். நான் எதையும் புத்தகத்தில் படித்தால் பண்டிதன், படத்தில் பார்த்தால் மெக்கானிக். வீடியோவை நானாவிடம் நீட்டினேன். அவர் அந்த மனிதரின் கையைப் பார்க்கவே இல்லை.

"சேர், அவரு தரையப் பாருங்க. முட்டைய வச்சாலும் உருளாது. நம்ம ஊருல சோத்துத் தட்டே சரிஞ்சுதான் நிக்குது. இவரு சொல்றது அவரு ஊருக்குச் சரி. நீங்க கல்லு வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன் நானா. நல்ல சதுரக் கல்லு."

ஆசிரியர் என்ற மரியாதையில் காட்டச் சொல்லாமல் விட்டார். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே பேட் பெட்டியைக் கொடுத்தார்.

டிக்கோயாவில் எங்கள் வீட்டு வாசல், கார் மூச்சுவாங்கி ஏறும் சரிவு. ஹேண்ட்பிரேக் இருந்தது, ஒப்புக்கு. தூறலில் கல் தேடிப் போகச் சோம்பல். கனமாகவும் சதுரமாகவும் வீட்டில் இருந்தது அகராதி ஒன்றுதான். அதைப் பின்சக்கரத்துக்கு அண்டைகொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிய சக்கர நட்டு ஒன்று காருக்கு அடியில் உருண்டு போனது. அதை எடுக்க நெஞ்சுவரை உள்ளே நுழைந்தேன்.

"சேர், வெளிய வாங்க!" வாசலில் ஒரு குரல்.

"ஒரு நிமிசம்..."

"ஒரு நிமிசமும் இல்ல. இப்பவே வாங்க!"

எரிச்சலோடு வெளியே வந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் பையோடு நானா. "கல்லு எங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஊறிப்போன அகராதி வழுக்கியது. கார் பின்னால் நகர்ந்தது, ஜாக் சாய்ந்தது, 'டக்'. பிரேக் டிஸ்க் மண்ணில் புதைந்து நின்றது, சற்று முன்பு என் நெஞ்சு இருந்த இடத்தில்.

நானா கத்தவில்லை. பையிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்தில் வைத்தார். "ஜாக்கு தூக்கத்தான் சேர், தாங்குறதுக்கு இல்ல. கழட்டுன டயர காருக்கு அடியில போட்டு வச்சிருந்தா, விழுந்தாலும் அதுக்கு மேலதான் விழும்." சக்கரத்தைத் திரும்பப் பூட்டி, சமதளமான பள்ளி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், பக்கத்தில் குடைபிடித்து நின்று, என் கையாலேயே மாட்ட வைத்தார். நான் வாங்கிய பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வேறொன்றை நீட்டினார். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நனைந்த அகராதியை என் மனைவி அடுப்பு மேல் காய வைத்தாள். "அத நீங்க இந்த வருசம் கையில எடுத்ததே இன்னைக்குத்தாங்க" என்றாள்.

நானா என் முகத்தைப் பார்த்தே பொய்யைப் படித்துவிட்டார் என்று ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன மாதம் கடையில் அவரிடமே சொல்லி நெகிழ்ந்தேன்.

"இல்ல சேர்" என்றார், தராசைத் துடைப்பதுபோல மேசையைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்கு வேற காரோட பிரேக் பேட் உங்களுக்குக் குடுத்துட்டேன். மாத்திக் குடுக்கத்தான் வந்தேன்."

தன் பிழையைத் திருத்த, கடையைப் பூட்டிக்கொண்டு மழையில் பஸ் ஏறி வருகிற ஒரு மனிதர் சொன்னால், இனி நான் எந்தக் கல்லையும் சுமப்பேன். அவருடைய கருங்கல் இன்றும் என் டிக்கியில்தான் கிடக்கிறது.

"அப்ப அந்தக் கல்லு, நானா?"

"போறது உங்க வீட்டுக்காச்சே சேர். கல்லு இல்லாம எப்பிடி வர்றது?"