இறக்கைக்கு வைத்த சூனியம்

ஆராய்ச்சி மாணவன் வீட்டுக்கு அழுக்குத் துணியைக் கொண்டுபோகலாம். ஆராய்ச்சியைக் கொண்டுபோகக் கூடாது. இது எனக்கு உறைத்தபோது மலேசியாவில் எங்கள் சிற்றூரான புலாவ் செபாங்கில் பாதிப் பேருக்கு நான் சூனியக்காரன் ஆகியிருந்தேன்.

என் ஆராய்ச்சி கோழிக் கருவில். கரு வளரும்போது ஓர் உயிரணு பக்கத்து உயிரணுவுக்கு, ‘இங்கே இறக்கை முளைக்கட்டும்’ என்று சேதி அனுப்பும். அந்தச் சேதிதான் வளர்ச்சிக் காரணி. அதைக் கேட்கும் காதுக்கு ஏற்பி என்று பெயர். அந்தக் காதைச் செய்து தருவது ஒரு மரபணு. காதை மருந்தால் அடைத்துவிட்டால் இறக்கை முளைக்காது. முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளுக்கும் (எனக்கும்தான், அன்று அது இருந்ததாகத் தெரியவில்லை) ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பாதி முட்டைகளில் மருந்து வைத்திருந்தேன். முந்தைய முட்டைகளெல்லாம் கெட்டுப்போயிருந்தன. இவையும் போனால் மூட்டையைக் கட்டு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த வாரக்கடைசி பார்த்துப் பல்கலைக்கழக வளாகத்தில் மின்சாரம் இல்லை. முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புரட்டாசி மாதம், எங்கள் வீட்டில் முட்டை வாசலைத் தாண்டாது. அதனால் பாலிஸ்டைரின் பெட்டிக்குள் சூட்டுக்குச் சிவப்பு பல்பு போட்டு, கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். மருந்து வைத்தவற்றுக்கு அடையாளமாகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. (நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கவில்லை.)

சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினால், வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. அம்மா அழுதுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா விசிறிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் முனியாண்டி கோயில் பூசாரி. அவர் எதிரே தாம்பாளத்தில் என் முட்டைகள்.

“கூட்டுறப்ப பாத்தேன்டா. உனக்குக் கல்யாணம் ஆகக்கூடாதுன்னு யாரோ வச்சிட்டாங்க,” என்றார் அம்மா.

“யாரும் வைக்கலம்மா. நான்தான் வச்சேன்.”

அழுகை நின்றது. செல்வி அக்கா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

“யாருக்கு வச்ச?” என்றார் பூசாரி.

“கோழிக்கு, சாமி. இறக்கை முளைக்கக்கூடாதுன்னு.”

பூசாரி ஒரு முட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கோழி உன்னை என்ன பண்ணுச்சு தம்பி?”

ஏற்பி, காது, மருந்து என்று விளக்கினேன். “முட்டைக்குள்ள ஏதுலா காது?” என்று செல்வி அக்கா கேட்டதோடு என் கட்சி தோற்றது. பூசாரி முட்டைகளை என் தலையைச் சுற்றி, முச்சந்திக்குக் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தார்.

இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாகப் பின்னாலேயே ஓடி, நடுரோட்டில் குந்தினேன். மோட்டார்சைக்கிள்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் பறந்தன. குங்குமத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவே சிதையாத கரு இரண்டு கிடைத்தன. ஒன்றில் கடுகளவு இறக்கை மொட்டு. பெருக்கல் குறி போட்ட ஓட்டில் இருந்ததற்கு மொட்டே இல்லை. கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே சந்தோஷத்தில் தேம்பி அழுதேன். சாமி இறங்குகிறது என்று கூட்டம் வழிவிட்டது.

அந்தப் படம்தான் என்னைக் காப்பாற்றியது. (ஓரத்து எலுமிச்சையைப் பற்றித் தேர்வாளர் கேட்டார். அளவுக்காக வைத்தது என்றேன்.) பட்டம் வந்தது, கல்யாணமும் ஆனது, இரண்டுக்கும் பூசாரிதான் காரணம் என்கிறார் அம்மா.

இன்றும் விருந்தில் கோழிக்கறிச் சட்டி என் பக்கம் வந்தால், செல்வி அக்கா எங்கிருந்தாலும் குரல் கொடுப்பார்: “தம்பிக்கு இறக்கை வைக்காதீங்கலா. அவனுக்கும் கோழிக்கும் ஆகாது.”