பாரீசுக்கு ஆறரை மணி நேரம்

மூன்று மாதம் சுதந்திர மனிதனாக வாழ்ந்தே தீருவது என்று லாஸ்பேட்டை புருஷோத்தமன் முடிவு கட்டினார். வழி பாரீசிலிருந்து வந்தது. அங்கிருக்கும் மகள் கவிநிலா வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒருத்தர் வந்தால் போதுமாம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் விசா கைக்கு வந்துவிட்டது. மனைவி அஞ்சலாட்சியை ஏற்றிவிட்டால், சர்க்கரையைச் சொல்லி அவள் நிறுத்திவைத்த பரோட்டாவும் பகல் தூக்கமும் மறுபடி கிடைக்கும்.

ஒரே சிக்கல். திருப்பதி பஸ்ஸுக்கே அவளுக்குக் கால் வீங்கும்.

"எவ்ளோ நேரங்க ஆவும்?" என்றாள் அஞ்சலாட்சி, வெங்காயம் உரித்தபடி.

புருஷோத்தமன் போனைப் பார்த்தார். எட்டாயிரம் கிலோமீட்டர். பத்து மணி நேரம். திரையை விரலால் மேலே தள்ளினார். கீழே இன்னொரு வரி இருந்தது. சென்னையில் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் பாரீசில் மாலை மூன்றரை. முகம் மலர்ந்தது.

"ஆறரை மணி நேரம்! இட்லி சாப்ட்டு ஏறுனா, டீ குடிக்க அங்க எறங்கிடலாம்."

"திரும்பி வர?"

அதை அவர் யோசிக்கவேயில்லை. பாரீசில் காலை பத்து, சென்னையில் இரவு பதினொன்றரை.

"பதிமூணரை."

"போவ ஆறரை, வர பதிமூணரையா? ஒரே வழிதானே?"

"வர்றப்ப எதிர்காத்து."

"ஏழு மணி நேரத்துக்கா?"

"காத்து இல்லடி, கடிகாரம். அங்க மூணரை மணி நேரம் பின்னாடி. போறப்ப அத நமக்குக் குடுத்துட்டு, வர்றப்ப புடுங்கிக்கறான்."

"யாரு?"

"பிரெஞ்சுக்காரன்."

"அவன் நம்ம ஊர ஆண்டது போதும்னு விட்டுப் போயி எழுவது வருசமாவுது. இன்னுமா புடுங்கறான்?"

புருஷோத்தமன் காகிதத்தில் கூட்டினார், கழித்தார். ஒருதரம் பத்து வந்தது, ஒருதரம் பதினேழு, ஒருதரம் மூன்று. கடைசியில் பாரீசில் மணி என்ன என்பதோடு, லாஸ்பேட்டையில் இன்றைக்கு என்ன கிழமை என்பதும் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

"நெசமாவே ஆறரைதானா?"

"சத்தியமா! ஒரு தூக்கம் போட்டு முழிச்சா பாரீஸ். இந்த முட்டி வலியோட நானே போய்ட்டு வந்துடுவேன்!"

அஞ்சலாட்சி கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "கவி, அப்பாவே வர்றாராம்மா."

"ஐயையோ! ஆறரை இல்லடி, பத்து! முழுசா பத்து மணி நேரம்!"

"பத்தா? அப்பறம் ஏன் எங்கிட்ட ஆறரைன்னு சொல்லி ஏத்திவிடப் பாத்தீங்க? நான் இல்லாதப்ப இங்க உங்களுக்கு இன்னா வேலை?"

புருஷோத்தமன் கணக்குப் போட்ட காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆறரையா, பத்தா? ஒண்ணு சொல்லுங்க."

"ஆறரைதான்" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

போனிலிருந்து மகள் கேட்டாள். "அப்பா, உங்க பேர்ல டிக்கெட் போடச் சொல்லி அம்மா முந்தாநாளே சொல்லிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"