நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழு வரை

பூண்டுலோயா
12.07.2025

அன்புள்ள மாப்பிள்ளை வினோஜனுக்கு, மாமா அழகன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை சண்முகவடிவும், மழை தந்த சளியைக் கணக்கில் எடுக்காவிட்டால், நலமாக இருக்கிறோம். கொழும்பில் நீங்களும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மகள் பிரியந்தியும் ஒரு குறையுமின்றி இருக்க மாரியம்மன் துணை நிற்பாள்.

நேற்று நீங்கள் போனில், "மாமா, வீடு எவ்வளவுக்கு முடிஞ்சிச்சு? ஒரே வார்த்தையில சொல்லுங்க, பஸ்ஸில இருக்கேன்" என்றீர்கள். ஒரே வார்த்தை, நாற்பத்தேழு. ஆனால் இருபத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவனால் ஒரு பேச்சுவார்த்தையை ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியாது. அதிலும் வங்கியில் கடன் எடுத்தவர் நீங்கள். நான் ஓய்வுபெற்றபோது வந்த சேமலாபப் பணத்தையும் சேர்த்து நாற்பத்தேழு லட்சத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று சொன்னவரும் நீங்கள். ஆகவே இந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்பதை எழுத்தில் வைக்கிறேன்.

வீட்டுக்காரர் சரிபுதீன் நானா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலேயே அவரும் மனைவி ஆமினா உம்மாவும் குடியிருக்கிறார்கள். கண்டியில் இருக்கும் மகளோடு போய்ச் சேரப்போவதால், வாடகைக்கு விட்டிருந்த இந்த வீட்டை விற்க நினைத்தார். எட்டு பேர்ச் அளவுள்ள சின்னக் காணி, இரண்டு அறை, குசினி, மேலே தண்ணீர் டேங்க், முன்னால் நீலநிற இரும்பு கேட். விலை நாற்பத்தெட்டு லட்சம். நான் சும்மா போய் நிற்கவில்லை. முறைப்படி ஒரு மனு எழுதி, ஒன்பது கோரிக்கைகளோடு, விலையை நாற்பதாகக் குறைக்க வேண்டுமென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வாசித்தார்.

"தலைவர், ஒம்பதாவதுல 'மேற்கண்ட எட்டையும் உடனே நிறைவேற்ற வேண்டும்' எண்டு இருக்கே. அப்ப எட்டுதானே?"

"அதை விடுங்க நானா. விலைக்கு என்ன சொல்றீங்க?"

"நீங்க கேட்டு நான் இல்லைண்டு சொல்லுவேனா? ஒரு லட்சம் குறைச்சாச்சு. மேல இருக்கிற டேங்க் மட்டும் கடைச் சாமான், அத நான் எடுத்துக்குவன்."

முதல் நாளே ஒரு லட்சம்! தோட்டத்துத் துரைமாரிடம் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏற்றுவதற்கு ஒன்றரை வருடம் அலைந்தவன் நான். அன்று சாயந்தரமே டேங்க் இறங்கிவிட்டது. சொன்ன சொல் தவறாத மனிதர்.

இரண்டாம் நாள் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து, நிபந்தனைகளை அடுக்கிச் சொல்லி, வெளிநடப்புச் செய்தேன். நல்ல வெளிநடப்பு, மாப்பிள்ளை. கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் குடையை உள்ளேயே விட்டுவிட்டேன், மழையோ கொட்டித் தீர்க்கிறது. திரும்பிப் போனபோது ஆமினா உம்மா துவாயும் இஞ்சி போட்ட பிளேன்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டார். டீயைக் குடித்துக்கொண்டே இன்னொரு முறை வெளிநடப்புச் செய்வது நன்றாக இருக்காது என்று உட்கார்ந்தேன். குடை எடுக்கப் போன இடத்தில் நாற்பத்தாறு ஆனது. கேட் போய்விட்டது. மூன்றாம் நாள் நாற்பத்தைந்து, குசினித் தொட்டியும் குழாய்களும் போயின. நான்காம் நாள் நாற்பத்துநாலு, முன்னால் இருந்த இரண்டு சன்னல்களும் போயின. ஒவ்வொரு வெற்றியையும் டயரியில் தேதி போட்டு எழுதினேன். இப்படியே போனால் நாற்பதைத் தொட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள் உங்கள் அத்தை, தொட்டில் கட்ட எந்த அறையில் உத்தரம் பலமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று என்னோடு வந்தாள். கேட் இருந்த இடத்தில் இரண்டு தூண்கள் நின்றன. சன்னல் இருந்த இடத்தில் ஒரு மாடு தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது உள்ளே நின்றுகொண்டு பார்த்தது.

"என்னங்க, கேட்டு எங்க?"

"அது ஒரு லட்சம்."

"சன்னலு?"

"அது இன்னொரு லட்சம். குசினித் தொட்டி ஒண்ணு, டேங்க் ஒண்ணு, மொத்தம் நாலு லட்சம் குறைச்சிருக்கேன்."

அவள் சத்தம் போடவில்லை. மாட்டை வெளியே ஓட்டிவிட்டு வந்து சொன்னாள்: "இன்னும் நாலு நாள் நீங்க பேசுனீங்கன்னா சுவரையும் லாரியில ஏத்திருவாரு. புள்ளையோட வர்றவளை எங்கங்க படுக்க வைப்பீங்க? மறுபடியும் லயத்துக் காம்பராவிலயா?"

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சம்பளத்தை ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டு, நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தை இரண்டு கிலோ ஏற்றுகிற துரைமார் எத்தனை பேரை நான் பார்த்தவன்! அதே வேலையை ஒரு ஹாட்வெயார் கடைக்காரர் எனக்குச் செய்து காட்டிவிட்டார். நானும் அதை டயரியில் வெற்றி என்று எழுதி வைத்திருக்கிறேன். பிரியந்தி பிறந்ததும் தோட்டத்து ஆறாம் லயத்தின் ஒற்றை அறையில்தான், நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். அடுத்ததும் அங்கே வேண்டாம் என்றுதானே இவ்வளவும்.

மறுநாள் விலையை ஏற்றிப் பேசப் போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஏற்றித்தானே கேட்டிருக்கிறேன்.

"நானா, ஒரு லட்சம் கூட்டுறேன். சன்னலைப் போட்டுருங்க."

"சன்னலுக்கு ஒண்டரை, தலைவர். கழட்டின கூலி இருக்குதானே."

"கழட்டச் சொன்னது யாரு?"

"நீங்கதானே தினம் வந்து சொன்னீங்க?"

இப்படியே மூன்று நாள். கடைசியில் நான் எழுந்து நின்று, "நாப்பத்தேழு. வீடு நான் முதல்ல பார்த்த மாதிரி இருக்கணும். இதுக்கு மேல எங்கிட்ட கோரிக்கையும் இல்ல, காசும் இல்ல" என்றேன். அவர் கையை நீட்டினார். மாலைக்குள் கேட்டிலிருந்து டேங்க் வரை எல்லாம் திரும்ப மாட்டியாகிவிட்டது. கேட்ட விலையில் ஒரு லட்சம் குறைவு, உங்கள் எல்லைக்குள் ஒரு சதமும் கூடாமல் வெற்றி.

முந்தாநாள் நுவரெலியாவில் நொத்தாரிசிடம் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதினோம். அவர் நிரந்தர முகவரி கேட்டார். பழக்கத்தில் மேற்பிரிவு, ஆறாம் லயம் என்று சொல்லிவிட்டேன். "அது தோட்டத்து முகவரிங்க ஐயா. இனிமே உங்க முகவரி என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நானாதான் வீட்டு இலக்கத்தைச் சொன்னார். எத்தனையோ ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த நான், அந்தத் தாளில் எங்கே வைப்பது என்று தேடினேன். நானா தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்து இடத்தைக் காட்டினார். உங்கள் அத்தை தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள்.

பிரியந்தியை ஆவணி பிறந்ததும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார வையுங்கள், வளைவில் தலை சுற்றும். உங்கள் இருவருக்கும், இன்னும் பெயர் வைக்காதவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு
மாமா அழகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நடுவிலேயே சிரிக்கத் தொடங்கினாள். நேற்றுச் சாவி வாங்கப் போனபோது ஆமினா உம்மா அவளிடம் சொன்னாராம், நானா முதல் நாளே டேங்க், கேட் எல்லாவற்றோடும் நாற்பத்துநாலுக்குக் கொடுக்கத்தான் இருந்தாராம். மனுவைப் பார்த்ததும், "மனுசன் இவ்வளவு ஆசையா பேச வந்திருக்கார், உடனே விட்டுக் குடுத்தா மனசு நோகும்" என்று நினைத்தாராம். ஆகவே மாப்பிள்ளை, மேலே வெற்றி என்று நான் எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். வீடு என்று எழுதியிருக்கும் இடங்களை மட்டும் அப்படியே விடவும்.