குடும்ப ஜெபத்திலிருந்து ராஜினாமா

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாலு பேரும் தேவ கிருபையால் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க இந்த வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் செவ்வாய்க்கிழமையோடு அது நின்றுவிட்டது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

அப்பா கண்ணை மூடுவதற்கு முன் குடும்ப ஜெபத்தை என் தலையில் கட்டினார், நீயே சாட்சி. பத்தொன்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு ஏழரைக்கு வந்து, பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம் என்று நடத்திவந்தேன். அதில் குறையில்லை. குறையெல்லாம் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தில். நேரே சொல்லத் தயங்குவதையெல்லாம் அவர் ஆண்டவரிடம் சொல்வார், நாம் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். "ஆண்டவரே, இந்த வீட்ல ஒரு பொண்ணு எவ்வளவு நேரம் தலைவாருதுன்னு நீர் பாத்துக்கிட்டுதான் இருக்கீர்" என்று உன்னைப் பற்றி ஒரு வருஷம் முறையிட்டாரே. கண்ணை மூடியிருப்பவர்களால் எதிர்த்துப் பேச முடியாது. எனக்கும் அந்த வசதி பிடித்துப்போயிற்று.

போன மாதம் "பொறுமையில்லாத பெண்களுக்குப் பொறுமையைத் தாரும்" என்று பொதுவாகத்தான் கேட்டேன். அடுத்தது என் மனைவியின் முறை. "ஆண்டவரே, குளியலறைக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. இங்க ஒருத்தர் காதுல விழல. உம்ம காதுலயாவது விழட்டும்" என்றாள். பிள்ளைகள் சிரித்ததில் ஆமென் சொல்ல ஆளில்லை. அதோடு விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை பெரியவளோடு வேலை செய்கிற ஒரு பையன் ஏழரைக்கு வாசலில் வந்து நின்றான். ஜெப நேரத்தில் வந்தவனை வெளியே நிறுத்தலாமா என்று பாயில் உட்காரவைத்தேன். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், வாய் சும்மா இருக்கவில்லை. "ஆண்டவரே, இந்தத் தம்பி என்ன நோக்கத்தோட வந்திருக்காருன்னு உமக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியப்படுத்தும்" என்றேன். அவன் கண்ணைத் திறந்து, "சார்ஜர் குடுக்க வந்தேன் அங்கிள், அவங்க மறந்து வச்சிட்டு வந்துட்டாங்க" என்றான்.

அவன் போனதும் பெரியவள், "இனிமே நான் என் ரூம்லயே தனியா ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சின்னவளுக்கு வீட்டுப்பாடம், என் மனைவிக்குத் தலைவலி. நான் ஒருவனாகப் பாடினேன். இரண்டாவது அடிக்கு மேல் ராகம் பிடிபடவில்லை. தாத்தா, அப்பா என்று கைமாறி வந்தது என் வாயால் கெட்டது. பிள்ளைகள் என்னோடு சேர்த்து விசுவாசத்தையும் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது அக்கா. ஆகவே விலகிக்கொள்கிறேன். இனி நீ ஏற்று நடத்து, ஃபோனில் ஸ்பீக்கர் போட்டு நடத்தினாலும் சரி.

குழாயைச் சரிசெய்துவிட்டேன். மற்றபடி குறைவில்லை. கர்த்தர் உங்கள் இருவரையும் சமாதானத்தோடு நடத்துவாராக.

இப்படிக்கு,
பொறுப்பைக் கைவிட்ட உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை நீ வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள். தபாலில் சேர்ப்பதற்கு முன், இன்று ஏழரைக்கு வீட்டுக்கு வந்தால் மூன்று பேரும் பாயில் இருக்கிறார்கள். என் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். சின்னவள்தான் ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்க அப்பா அத்தைக்கு லெட்டர் எழுதி டிவி பக்கத்துல வச்சிருக்கார். நாங்க மூணு பேரும் படிச்சிட்டோம். அவர் ஜெபத்துல எல்லாரையும் திட்டுறது உமக்கே தெரியும். அந்தப் புத்தியை மட்டும் மாத்தி, அவரை எங்களுக்கே திருப்பிக் குடுத்துடும்."

அச்சு அசல் அப்பாவின் பேச்சு. அப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. என்னை முந்திக்கொண்டு பெரியவள் ஆமென் சொன்னாள்.